லேனாவைக் கடக்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

ரஷ்யாவில், சைபீரியாவிலிருக்கும் யாகுட்ஸ்க் போக ரயிலா, விமானமா என்று கேட்டிருந்தாய். எந்த மாதம் போகிறாய் என்று முதலில் சொல். ரயில் நீஷ்னி பெஸ்தியாக்கோடு நின்றுவிடும். அது லேனா நதியின் வலக்கரை. ஊர் இருப்பது எதிரே, இடக்கரையில். நடுவில் கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர். பாலம் இன்னும் கட்டி முடியவில்லை.

கோடையில் ஃபெர்ரி உண்டு. நடுக்குளிரில் உறைந்த நதிமேலேயே லாரி போகும். சிக்கல் இடைப்பட்ட வாரங்களில்தான்: அக்டோபர் கடைசியிலிருந்து பனி கெட்டிப்படும்வரை, பிறகு ஏப்ரலில் பனிச்சாலையை மூடியதிலிருந்து மே கடைசிவரை. அப்போது ஹோவர்கிராஃப்டை (காற்றுமெத்தை மேல் மிதந்து ஓடும் படகு) நம்பிப் பெட்டியோடு நிற்காதே, விமானத்தில் போ. விமான நிலையம் ஊர்ப் பக்கமே இருக்கிறது.

வரைபடத்தை விரித்துப் பார். பைக்கால் ஏரிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் மேற்கே, மலையில் பிறக்கிறது லேனா. அவ்வளவு பக்கத்தில் பிறந்தும் ஏரித் தண்ணீர் ஒரு சொட்டுகூட அதில் வராது. பைக்காலை விட்டு வெளியேறும் ஒரே நதி அங்காரா. உஸ்த்-குத் ஊரில் ரயில் பாதை நதியைத் தொடுகிறது. வடக்கே போகும் சரக்கு அங்கேதான் படகேறும். கிரேங்கா, வித்திம், ஒல்யோக்மா என்ற கிளைநதிகள் ஒவ்வொன்றாகச் சேர, யாகுட்ஸ்க்கைத் தாண்டியதும் அல்தானும் வில்யூயும் கலந்து நதி பெருத்துவிடும். சுமார் 4,300 கிலோமீட்டர் ஓடி, பெரிய டெல்டாவாகப் பிரிந்து லாப்டெவ் கடலில் விழுகிறது.

தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதுதான் இதன் வினை. வசந்தத்தில் தெற்கே, நதியின் மேல்பகுதி முதலில் உருகும். வடக்கே, கீழ்ப்பகுதியில் பனி இன்னும் பாறையாக இருக்கும். உடைந்துவரும் பாளங்கள் வளைவிலும் தீவுகளிலும் சிக்கி அணைபோல் அடைத்துக்கொள்ள, பின்னால் தண்ணீர் மளமளவென்று ஏறும். 2001 மே மாதம் லென்ஸ்க் ஊர் அப்படித்தான் மூழ்கியது. பனியை உடைக்கப் போர்விமானங்கள் குண்டே போட்டன. அதனால் உருகும் காலத்துக்கு முன்பே பனியை ரம்பத்தால் அறுத்து வைப்பார்கள். கரித்தூள் தூவுவதும் உண்டு. கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சுவதால் பனி சீக்கிரம் நைந்துவிடும்.

பனிச்சாலையில் காரில் போனால் சீட் பெல்ட்டைக் கழற்றிவிடு. பனி உடைந்தால் உடனே வெளியே குதிக்க வேண்டும். முன்வண்டியை ஒட்டிப் போகவேண்டாம் என்று டிரைவரிடம் சொல். இரண்டு வண்டியின் பாரமும் ஒரே இடத்தில் விழக்கூடாது. நடுவழியில் நிறுத்திப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம்.

தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
அப்பா