கரித்துணிக்குத் தமிழில் சப்டைட்டில்

அன்புள்ள குமரா,

உன் கடிதமும் கோப்பும் சேர்ந்தே வந்தன. அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இயக்குநர் தவெர்னியேவின் ‘கூ த தோர்ஷோன்’ என்கிற பிரெஞ்சுப் படத்தைத்தான் உங்கள் திரைப்படச் சங்கத்தில் போடப்போகிறாய் என்றதும் இன்னொரு மகிழ்ச்சி. நீ கேட்டவற்றுக்கு வரிசை பார்க்காமல் எழுதுகிறேன்.

முதலில் இயந்திர வேலை. படம் 128 நிமிடம், நொடிக்கு 24 சட்டகம் (பிரேம்). உன்னிடம் இருப்பது 123 நிமிடம் ஓடுகிறது என்கிறாய். அப்படியானால் அது 25 சட்டகத்துக்கு வேகப்படுத்திய ஐரோப்பிய டிவிடி. எதையோ வெட்டிவிட்டார்கள் என்று பயப்படாதே. 24-க்கு நேரம் குறித்த கோப்பை அதில் ஓட்டினால் நிமிடத்துக்கு 2.4 நொடி பின்தங்கும். கடைசியில் ஐந்து நிமிடம் பிசகிவிடும். முதல் வசனத்தை மட்டும் ஒட்டவைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எல்லா நேரக் குறிகளையும் 0.96-ஆல் பெருக்கு, பிறகு கடைசி வசனத்தைச் சரிபார்.

ஆங்கிலத்துக்குச் சொல்லும் வரிக்கு 42 எழுத்துக் கணக்கு நமக்கு ஒத்துவராது. நம் எழுத்து அகலம். வரிக்கு 28, மிஞ்சினால் 30, அதுவும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். கோப்பை யூனிகோடில், யூடிஎஃப்-8 ஆகச் சேமி. அரங்கத்துக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். முந்தின நாளே அதே கணினியில், அதே பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிடு.

இனி மொழி. தோர்ஷோன் என்றால் அடுப்படித் துணி. நம் வீட்டுக் கரித்துணி. அதால் ஒரு வீசு வீசித் துடைத்துவிடுவது என்று தலைப்புக்குப் பொருள். ஆட்களை ஒட்டுமொத்தமாகக் களையெடுப்பதையும் பிரெஞ்சில் அப்படியே சொல்வார்கள். நீ வைத்திருக்கும் ‘தூய்மைப்படுத்தல்’ நகராட்சி அறிவிப்புப் போல இருக்கிறது. ‘ஒரே துடை’ என்று வை. கோர்தியே என்கிற அந்தச் சோம்பேறிப் போலீஸ்காரன் ஊரைச் சுத்தம் செய்கிறேன் என்று நம்பித்தான் ஒவ்வொருவராகக் கொல்கிறான். துணியோ முதலிலேயே அழுக்கு.

ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழாக்கியிருக்கிறாய், தெரிகிறது. எல்லாரும் எல்லாரையும் ‘நீங்கள்’ என்கிறார்கள். 1938-இல், பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில், வெள்ளைக்காரன் உள்ளூர்க் கிழவரைக்கூட ஒருமையில்தான் கூப்பிடுவான். பிரெஞ்சில் அந்த ஒருமை காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் அதற்குச் சொல்லே இல்லாததால் காணாமல் போனது. நம்மிடம் நீ, நீர், நீங்கள், வாடா, போடா என்று படிப்படியாக இருக்கிறதே! ஒவ்வொரு காட்சியிலும் ஒலியைக் கேட்டு, ஒருமை ‘த்யூ’வா மரியாதை ‘வூ’வா என்று குறித்துக்கொண்டு மாற்று. ஆங்கிலத்தை நம்பினால் படத்தில் பாதி போய்விடும்.

அடுத்தது உறவுமுறை. கோர்தியேவின் மனைவி யூகெத் வீட்டிலேயே வைத்திருக்கும் நோனோவை அவள் சகோதரன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தமிழில் அண்ணனா தம்பியா என்று முடிவு செய்தாக வேண்டும். ‘தம்பி’ என்று போடு. நடிகை ஸ்தெஃபான் ஒத்ரான் எடி மிட்செலைவிடப் பத்து வயது மூத்தவர், பார்த்தாலே தெரியும். கள்ளக் காதலனைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டால் நம் அரங்கில் கூடுதலாகவே சிரிப்பார்கள். லெ பெரோன் விஷயம் வேறு. விபச்சாரத் தரகன் லெ பெரோனும், அவன் செத்த பிறகு வந்து நிற்கும் ராணுவச் சகோதரனும் ஒரே நடிகர், ழான்-பியேர் மாரியெல். அங்கே அண்ணன், தம்பி இரண்டும் வேண்டாம், ‘கூடப்பிறந்தவன்’ போதும். இல்லாவிட்டால் செத்தவன் எழுந்து வந்துவிட்டானா என்று பின்வரிசையில் பேச்சு கிளம்பும். (கோர்தியேவுக்கும் அப்படித்தான் தூக்கிவாரிப்போட வேண்டும் என்பது வேறு சங்கதி.)

வேலைக்காரன் பெயர் வாந்த்ரெதி. வெள்ளிக்கிழமை என்று பொருள், ராபின்சன் குரூசோவின் அடிமைக்கு வைத்த அதே பெயர். ஒலியை அப்படியே எழுதிவிட்டால் கிண்டல் போச்சு. முதல் தடவை ‘வெள்ளிக்கிழமை’ என்று முழுதாகப் போடு, பிறகு ‘வெள்ளி’. எசமானின் பிணத்தை விசுவாசமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்காகவே சாகிறவன் அவன். படத்தில் சிரிப்பு தொண்டையில் சிக்கும் இடம் அது. அங்கே மொழியை அலங்கரிக்காதே, சொற்களைக் குறை.

கோர்தியே யோசனை கேட்கப் போகும் அதிகாரி ஷவாசோன் அவனை உதைக்கும் இடத்தில் ‘பின்புறம்’ என்று எழுதியிருக்கிறாய். குண்டியில்தான் உதைக்கிறான், அப்படியே எழுது. உதைத்தால் இரண்டு மடங்காகத் திருப்பி உதை என்று அவன் நடத்தும் பாடத்தைத்தான் கோர்தியே எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றுகிறான். அந்தச் சொல் பின்னால் திரும்பி வரும்போது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

துண்டறிக்கைக்கு நாலு தகவல். ஜிம் தாம்ப்சனின் 1964 நாவல் ‘பாப். 1280’ (மக்கள்தொகை 1280) நடப்பது அமெரிக்கத் தெற்கில். ‘செரி நுவார்’ என்கிற குற்றக்கதை வரிசையின் ஆயிரமாவது புத்தகமாகப் பிரெஞ்சில் வந்தபோது தலைப்பு ‘1275 உயிர்கள்’ ஆகிவிட்டது. அந்த ஐந்து பேர் எங்கே போனார்கள் என்பது பிரெஞ்சு வாசகர்களின் நெடுநாள் கேலி. தவெர்னியேவும் அவரோடு திரைக்கதை எழுதிய ழான் ஒரான்ஷும் கதையை ஆப்பிரிக்காவுக்குப் பெயர்த்தார்கள், 1981-இல் படம் வந்தது. ஊர் கற்பனை, எடுத்தது செனகலின் சேன் லூயியில்.

இடம்மாற்றம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டிருந்தாய். கற்பனைக்கு அங்கே அதிக வேலையே இல்லை. செனகலுக்கு 1887-இல் வந்த ஆணையின்படி, உள்ளூர் மக்களை நிர்வாகியே விசாரணையில்லாமல் 15 நாள் சிறையில் போடலாம், 100 பிராங்க் அபராதம் விதிக்கலாம். அந்தச் சட்டமுறை 1946 வரை நீடித்தது. வேலி பயிரை மேயலாம் என்று எழுதியே கொடுத்துவிட்ட இடத்தில், மேய்வதைக் குற்றம் என்று யார் கண்டுபிடிப்பது? கோர்தியே செய்யும் கொலைகளைக் கோர்தியேதான் விசாரிக்க வேண்டும்.

பாண்டிச்சேரி நண்பர்களுக்காக ஒன்று: சேன் லூயி வியாபாரிகள் செனகல் ஆற்றோரம் கோந்து வாங்கப் பணமாகவே கொடுத்த நீலத்துணி, பாண்டிச்சேரியில் நெய்து சாயம் தோய்த்துக் கப்பலேறியது. துண்டறிக்கையில் ஒரு வரி போடலாம்.

ஒளிப்பதிவு பற்றிக் கேள்வி வரும். பியேர்-வில்லியம் க்ளென் ஸ்டெடிகேமை (உடம்பில் மாட்டிக்கொள்ளும் காமிராத் தாங்கி) நிறையப் பயன்படுத்தியிருக்கிறார். காமிரா ஆட்டமில்லாமலும் ஓரிடத்தில் நிற்காமலும் மிதக்கிறது. காலுக்குக் கீழே தரை உறுதியில்லை என்கிற உணர்வு அதிலிருந்து வருகிறது. இதற்காகவும் சொல்கிறேன், எழுத்தைத் திரையின் அடியோடு ஒட்டி வை. நடுவில் ஏற்றினால் அந்த மிதப்பு தடைப்படும்.

கடைசியாக, முடிவில் கோர்தியே மரத்தடியில் உட்கார்ந்து, தொடக்கத்தில் யாருக்குத் தீ மூட்டிக் குளிர் காயவைத்தானோ அந்தப் பிள்ளைகளை நோக்கித் துப்பாக்கியை நீட்டும்போது ‘தமிழாக்கம்: குமரன்’ என்று போட்டிருக்கிறாய். தயவுசெய்து எடுத்துவிடு. பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் போட்டுக்கொள்.

அன்புடன்,
செல்வம்