ஓலை வீட்டுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சி மக்களுக்கும், வெளியூர்களில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும்,

நேற்று சாயங்காலம் நம் படிப்பகத்து ஓலைக் கூரைக்கு முகடு கட்டி முடித்தாயிற்று. கையில் நார் வாசம் இன்னும் போகவில்லை.

2023 மார்கழி பிறந்த அன்று பெய்த மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூட்டனார் காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம், அப்புறம் தறிக்கூடம், அப்புறம் அப்பளம் தேய்க்கிற இடம், இப்போது பிள்ளைகளின் படிப்பகம். இத்தனைக்கும் நிழல் தந்த கூரை அந்த மழையில் விழுந்துவிட்டது. தகரம் போட்டுவிடலாம், ஒரே நாள் வேலை என்று நானே சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டுவிட்டுத்தான் எதிர்வீட்டு ஆச்சி வந்தார். "தகரம் போட்டா சித்திரை வெயில்ல புள்ளைய உள்ள இருக்குமாய்யா?" அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் விடியக்காலம் ஒரு வாளி நிறைய ஊறவைத்த அகணி நாரோடு, அதாவது பனைமட்டையின் உள்நாரோடு, வந்து நிற்கிறார். கூரை மேய்ந்தே குடும்பத்தைக் காப்பாற்றிய அவர் வீட்டுக்காரர் விட்டுப்போன மூங்கில் ஊசியும் அந்த வாளியில் இருந்தது. "காஞ்ச நாரு கட்டும்போதே முறிஞ்சிரும்லா" என்றார். ஐந்து நாளும் கூரைக்கு அடியில் நின்று, மேலிருந்து குத்தி இறக்கிய ஊசியை வாங்கி, கூரையின் குறுக்குக் கம்பான வரிச்சைச் சுற்றி நாரை வளைத்து, திரும்ப மேலே ஏற்றிவிட்டார். தலை முழுக்க ஓலைத் தூசி. "இறுக்குடே, இன்னும் இறுக்கு" என்ற குரல்தான் எங்களுக்கு அளவுகோல்.

கூலியைக் கவரில் வைத்து நீட்டினேன். வாங்கவில்லை. "பதினாறு வயசுல இங்கதாம்யா அப்பளம் தேய்ச்சேன். மொத சம்பளம் இந்த வீட்டுலதான் வாங்குனேன்." எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

ஓலை வெட்டிக் கொடுத்து, கல் பாரம் ஏற்றிப் பதப்படுத்தியும் தந்த திசையன்விளைப் பனையேறி அண்ணாச்சிமார், சுவருக்கு மண் குழைத்த தம்பிகள், சோறு பொங்கிப் போட்ட அக்காமார், பணம் அனுப்பியவர்கள், நனைந்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்திய பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி.

ஓலைக் கூரைக்கு ஆயுசு இரண்டு மூன்று வருஷம்தான். இனி அது விழுகிறவரை நான் காத்திருக்கப் போவதில்லை. நம் தெருப் பையன்கள் இரண்டு பேர் ஆச்சியிடம் முகடு கட்டப் பழகுகிறார்கள். வருகிற ஆவணியில் கன்னடியன் கால்வாய்க் கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறோம். அவை மரமாக 15 வருஷமாவது ஆகும். ஆகட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிப்பகம் திறக்கிறோம். முதல் ஆளாக உள்ளே வந்து உட்கார ஆச்சியைத்தான் கேட்டிருக்கிறோம். எல்லாரும் வாருங்கள்.

நன்றியுடன்,
படிப்பகப் பொறுப்பாளன்