பரண் போடும் முன் தராசைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் தொழில் பக்கத்தில், பட்டறையில் இடம் போதாதவர்கள் மேலே ஓர் இடைத்தளம் அமைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பொருள்களை வகைபிரித்து அடுக்குவது, விளக்கு போடுவது, வண்ணம் பூசுவது என்று எல்லாவற்றுக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கியிருந்தார் கட்டுரையாளர். தளத்தின் பலத்துக்குக் கிடைத்தது ஒரே வரி: நல்ல கனமான இரும்புக் குழாய்களைப் பயன்படுத்தினால் போதும் என்று.

நான் இருபத்தாறு ஆண்டுகளாகக் கடைசல் பட்டறை நடத்துகிறேன். அந்தப் ‘போதும்’ என்ற சொல்லை நம்பி ஒரு பரண் போட்டு, அதைப் பிரித்து எறிந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து போட்டவன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பரணுக்கு நான் வாங்கியது 50 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம். சுவருக்குச் சுவர் 3.6 மீட்டர் இடைவெளி. அரை மீட்டருக்கு ஒரு குழாய் வைத்து, மேலே பிளைவுட் பலகையைப் பரப்பினேன். நானும் என்னிடம் வேலை பார்க்கும் தம்பியும் ஏறிக் குதித்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. பரண் தேறிவிட்டது என்று இருவரும் கை தட்டிக்கொண்டோம். இரண்டு பேர் சேர்ந்தால் 140 கிலோ. அதன்மேல் நான் பிறகு ஏற்றியது டன் கணக்கில் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஏழு மாதம் போனது. மேலே இருந்த இரும்பு அலமாரியின் கதவு மூட மறுத்தது. கீலைத் தளர்த்தினேன், முறுக்கினேன், கதவின் ஓரத்தைத் தேய்த்தும் பார்த்தேன். அலமாரியில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேனே தவிர, அது நிற்கும் தரையைப் பார்க்கவில்லை. ஒருநாள் தம்பியின் கையிலிருந்து ஒரு பேரிங் குண்டு நழுவியது. சுவரோரம் விழுந்த குண்டு மெல்ல உருண்டு தளத்தின் நடுவுக்கு வந்து நின்றது. அவன் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து எதிர்ச் சுவரோரம் வைத்தான். அங்கிருந்தும் நடுவுக்கே வந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சுவருக்குச் சுவர் நூல் கட்டி அளந்தபோது நடுவில் நான்கு சென்டிமீட்டர் தொய்வு.

அன்று மாலையே எல்லாவற்றையும் இறக்கினோம். பாரம் போனதும் குழாய்கள் நிமிர்ந்துகொண்டன. ஆனால் இரண்டு மூட்டுகளில் வெல்டிங்கில் மயிரிழை விரிசல். கீழே லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நான் நிற்கும் இடத்துக்கு நேர்மேலே ஒன்று.

கட்டுரையாளரிடம் எனக்குள்ள முதல் சண்டை இதுதான். உடையாது என்பது வேறு, வளையாது என்பது வேறு. பலம் போதும் என்று ஒரு சட்டத்தைப் போட்டால், விறைப்பு போதாமல் அது தொய்ந்துகொண்டே இருக்கலாம். மீட்டருக்கு அதே பாரம், அதே சட்டம், தாங்கும் முனைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியை மட்டும் இரட்டிப்பாக்கினால் தொய்வு இரண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்காகும். மாறாக, அகலத்தை அப்படியே வைத்து, உள்ளே கூடில்லாத கெட்டிச் சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே கேட்க வேண்டியது கனத்தை மட்டுமல்ல, உயரத்தை. கனமான குழாய் என்று சொல்லிவிட்டு உயரத்தையும் இடைவெளியையும் சொல்லாமல் விடுவது, மருந்தைச் சொல்லி அளவைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது.

இரண்டாவது முறை, கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்தேன். என் மகள் வயது இருக்கும். பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, மேலே எவ்வளவு பாரம் வைப்பீர்கள்?”

“கம்பி, மோட்டார், சக், பழைய பற்சக்கரம், இப்படித்தான் அம்மா” என்றேன்.

“அது பட்டியல் ஐயா. நான் கேட்டது எடை.”

ஒன்றரை டன் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. நிறுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். கோபம் வந்தது, மறைப்பானேன். இரும்போடு பிறந்து வளர்ந்தவனிடம் இரும்பின் எடையைக் கேட்கிறாரே என்று. ஆனாலும் ஒரு மேடைத் தராசை இரவல் வாங்கி, இரண்டு நாள் வேலையை நிறுத்திவைத்து, மேலே போக வேண்டிய ஒவ்வொன்றையும் நிறுத்தோம். உருட்டுக் கம்பிக்குத் தராசு வேண்டாம். மில்லிமீட்டரில் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். 50 மி.மீ. கம்பி மீட்டருக்கு 15.4 கிலோ. இரண்டு மீட்டர் துண்டுகள் இருபது மட்டுமே அறுநூறு கிலோவைத் தாண்டின. தினமும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கம்பி வாங்குகிறேன். அதையே பரணுக்குப் போட்டுப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் கூட்டிப் பார்த்தால் 4,300 கிலோ. நான் சொன்னது ஒன்றரை டன்.

எண்ணெய்ப் பீப்பாய்தான் இதில் பெரிய பாடம். 200 லிட்டர் பீப்பாய் நிறைந்திருந்தால் தகரத்தோடு சேர்த்து 200 கிலோவை நெருங்கும். அது நிற்கும் வட்டமோ கால் சதுர மீட்டர்தான். ஆக அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 750 கிலோவுக்கு மேல். மொத்த எடை குறைவாக இருந்தாலும் ஓரிடத்தில் குவிந்தால் கதை வேறு. பீப்பாய்கள் கீழேயே இருந்துவிட்டன. மர மாதிரிகள், வெற்றுப் பெட்டிகள், காப்புறைகள் என்று இடத்தை அடைக்கும், எடை இல்லாத பொருள்கள் மேலே போயின. கம்பிகளைத் தூண்களை ஒட்டி அடுக்கினோம், நடுவில் அல்ல. பரண் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். வேண்டாததை ஏறக்கட்டி மறந்துவிடும் இடம் என்று மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. மறந்த எடையும் எடைதான்.

புதிய தளம் 6 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம். சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று பொறியாளர் எடுத்துக்கொண்டார். பாதி இடம் நடைபாதையாகப் போய்விடும், எடை மீதிப் பாதியில்தான் ஏறும், பத்து வருடத்தில் சாமான் கூடத்தான் செய்யும் என்பது அவர் கணக்கு. 21.6 சதுர மீட்டருக்கும் சேர்த்தால் 10.8 டன். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காகிதத்தில் போட்டுக் காட்டியபோது நின்றுவிட்டது.

குறுக்குச் சட்டங்களுக்கு என்னிடம் ஏற்கெனவே 100 மி.மீ. சேனல் (‘ப’ வடிவ இரும்புச் சட்டம்) கிடந்தது. அதையே போட்டுவிடலாமே என்றேன். 60 செ.மீ.க்கு ஒன்று வீதம் போட்டால் உடையாது, ஆனால் முழுப் பாரத்தில் நடுவில் ஏறக்குறைய 19 மி.மீ. தொய்யும் என்றார். இடைவெளியை 360-ஆல் வகுத்தால் வருவதற்குள் தொய்வு அடங்க வேண்டும் என்பது தளங்களுக்கு வழக்கமாக வைக்கும் வரம்பு. 3.6 மீட்டருக்கு அது 10 மி.மீ. அதையே 125 மி.மீ. சேனலாக மாற்றினால் தொய்வு 9 மி.மீ.க்குள் நின்றுவிடுகிறது. கூடுதலாகும் இரும்பு மீட்டருக்கு மூன்றரை கிலோ. இதற்காகவா முன்பு கஞ்சத்தனம் செய்தேன் என்று இருந்தது. பதினோரு சேனல்கள் குறுக்கே. அவற்றைத் தாங்க நீளவாக்கில் இரண்டு பக்கமும் 150 மி.மீ. ஐ-பீம் (ஆங்கில ‘I’ வடிவ உத்தரம்).

சேனல்களை ஐ-பீமின் பக்கவாட்டில் வெல்டு வைத்து ஒட்டவில்லை. மேலே உட்கார வைத்தோம். உயரத்தில் அரைச் சாண் போகும், உண்மைதான். ஆனால் பாரம் இரும்பிலிருந்து இரும்புக்கு நேராக இறங்குகிறது. வெல்டிங் பிடித்துக்கொள்ள மட்டும்தான், சுமக்க அல்ல. விரிசலைப் பார்த்தவனுக்கு இந்த ஏற்பாடு இரவில் தூக்கம் தரும்.

தூண்கள் ஆறு, பக்கத்துக்கு மூன்று. மூலைத் தூண்களில் 1,350 கிலோ இறங்கும். நடுத் தூண்களில் அதன் இரட்டிப்பு, 2,700 கிலோ. ஆறும் ஒன்றுபோலத்தானே நிற்கின்றன, பாரமும் ஒன்றுபோலத்தான் என்று நினைத்திருந்தேன். சிமென்ட் தரைமேல் தகட்டை வைத்து போல்ட் அடித்துவிடலாம் என்பதும் என் நினைப்பு. நடுத் தூண் வரும் இடத்தில் தரையை உடைத்துப் பார்த்தோம். பத்து சென்டிமீட்டர் கான்கிரீட், அதன் கீழே கொட்டி நிரப்பிய மண், அதில் செங்கல் துண்டும் கரியும். கடப்பாரை தானாக இறங்கியது. நல்ல மண் வரும்வரை தோண்டி, 60 செ.மீ. சதுரத்தில் கம்பி கட்டிய அடித்தளம் போட்ட பிறகுதான் தூண் ஏறியது. மண் சதுர மீட்டருக்குப் பத்து டன் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும் 2,700 கிலோவுக்கு அரை மீட்டர் சதுரத்துக்கு மேல் வேண்டும், கணக்கு அவ்வளவுதான். மேலே எவ்வளவு நல்ல இரும்பு போட்டாலும் முடிவில் சுமப்பது மண்.

கட்டுரையோடு வந்த படத்தில் தளத்தின் ஒரு பக்கம் கூரையின் இரும்புச் சட்டத்திலிருந்து கம்பியில் தொங்குகிறது. தயவுசெய்து அந்தப் படத்தை இனி வெளியிட வேண்டாம். கூரைச் சட்டம் தகடுக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டுச் செய்தது. அதில் மோட்டார்களைத் தொங்கவிட்டால் பரணோடு கூரையும் சேர்ந்து வரும்.

இனி ஆட்டம். இதைக் கட்டுரை தொடவே இல்லை. தூண்கள், ஐ-பீம், சேனல் எல்லாம் நின்ற அன்று, தகடு போடும் முன், நடுத் தூணின் மேல்முனையில் ஒரு கையை வைத்துத் தள்ளினேன். முக்கால் டன்னுக்கு மேல் எடையுள்ள சட்டகம் ஊஞ்சல் போல அசைந்தது. ஐ-பீமின்மேல் வைத்திருந்த ரசமட்டத்தின் குமிழி இந்தக் கோட்டைத் தாண்டி அந்தக் கோட்டைத் தாண்டி அலைந்தது. நான்கு மூலையுள்ள சட்டம் சாய்சதுரமாக மாறத் தயங்காது, முக்கோணம் மாறாது. பின்பக்கம் முழுவதும் பெருக்கல் குறி போல ஆங்கிள் (‘L’ வடிவ இரும்பு) போட்டோம். ஆள் நடமாடும் பக்கங்களில் அப்படி அடைக்க முடியாது. அங்கே தூணுக்கும் பீமுக்கும் நடுவே மூலைக்கு மூலை சாய்வுக் கை கொடுத்தோம். அதன்பின் தம்பி தோளைக் கொடுத்துத் தள்ளினான். குமிழி இருந்த இடத்தில் இருந்தது. அவன் இன்னொரு முறை தள்ளினான், நம்பாமல்.

தளத்துக்கு 6 மி.மீ. வரிப்போட்ட தகடு. பிளைவுட் நடக்கச் சுகம், ஓசை குறைவு. ஆனால் கீழே வெல்டிங் பொறி பறக்கும் பட்டறையில் எனக்கு அது வேண்டாம். தச்சுப் பட்டறைக்காரர் வேறு முடிவு எடுக்கலாம். உயரத்தைப் பொறுத்தவரை, கீழே 2.1 மீட்டர், மேலே 2.1, நடுவில் தளத்தின் கனம் 28 செ.மீ.; ஏறக்குறைய 4.5 மீட்டர் இல்லாத பட்டறையில் ஆள் நின்று புழங்கும் தளம் வேண்டாம். குனிந்தே வேலை செய்து இடுப்பு போகும். ஏணியும் வேண்டாம். ஒரு கையில் சாமானோடு ஏணி ஏறுவது வித்தை காட்டுவதற்குச் சமம், படிக்கட்டு வையுங்கள்.

கைப்பிடிக் கிராதி 1.1 மீட்டர் உயரம், நடுவில் இன்னொரு கம்பி. எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆள் விழாமல் இருக்கக் கிராதி. பொருள் விழாமல் இருக்க விளிம்பில் பத்து சென்டிமீட்டர் உயரத் தகடு வேண்டும். பழைய பரணில் அது இல்லை. காலில் இடறிய ஸ்பானர் ஒன்று விளிம்பைத் தாண்டி 2.4 மீட்டர் இறங்கி லேத்தின் படுக்கையில் விழுந்தது. அந்த உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். படுக்கையில் விழுந்த வடு இன்றும் இருக்கிறது. உளியைத் தாங்கி நகரும் சேணம் அதைக் கடக்கும்போதெல்லாம் கைச்சக்கரத்தில் ஒரு சிறு துடிப்பு தட்டும். அன்று நான் அந்த இடத்தில் குனிந்திருக்கவில்லை என்பது என் சாமர்த்தியம் அல்ல.

சாமான் ஏற்றுவதற்காகக் கிராதியில் விடும் திறப்புக்குச் சங்கிலி போதாது. தானாக மூடிக்கொள்ளும் கதவு போடுங்கள். சங்கிலியை மாட்ட யாருக்கும் நினைவிருப்பதில்லை, எனக்கும்தான்.

எங்கள் படிக்கட்டின் தொடக்கத்தில் ஒரு தகடு அடித்திருக்கிறோம்: ‘தாங்கும் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ. பீப்பாய் ஏற்றக் கூடாது.’ பொறியாளர் சொல்லித்தான் வைத்தேன். போன மாதம், பழைய கியர்பெட்டி ஒன்றை மேலே வைக்கலாமா என்று நான் கேட்டபோது, தம்பி பதில் சொல்லாமல் அந்தத் தகட்டைக் காட்டிவிட்டுத் தராசை இழுத்து வந்தான்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதற்குள் கட்டுரையாளருக்கு உதவும் என்றால் எங்கள் கணக்குத் தாளின் நகலை அனுப்பிவைக்கிறேன். எண்ணெய்க் கறை இருக்கும். எண்கள் படிக்க வரும்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறை நடத்தும் ஒரு வாசகர்