கிள்ளானில் பலித்தது மேட்டுத் தோட்டத்தில் பலிக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மலாயாவில் மலேரியாவை அடக்கியது பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் சதுப்பை வடித்தார்கள், காட்டை வெட்டினார்கள், காய்ச்சல் போனது என்று முடித்துவிட்டீர்கள். நடந்ததில் அது பாதிதான்.

1901 தொடக்கத்தில் மலாயாவின் கிள்ளான் ஊருக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். இந்தியாவில் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு அப்போது நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. அந்தச் செப்டம்பரில் பக்கத்திலுள்ள போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) துறைமுகம் திறந்ததும், குடியேறியவர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் படுத்தார்கள். கடல்நீர் ஏறாமல் கரை கட்டி, கால்வாய் வெட்டி, சுற்றியிருந்த காட்டை அழித்தார்கள். இரண்டு ஊரிலும் சேர்த்து 1901இல் மலேரியாவுக்குப் பலியானவர்கள் 368 பேர். மறு ஆண்டு 59 பேர்.

அப்புறம் ரப்பர் தோட்டங்கள் மேட்டு நிலத்துக்கு ஏறின. அங்கே காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடத்தான் செய்தது! கடலோரத்துக் கொசு அம்ப்ரோசஸ், மரநிழலில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். நிழல் போனால் அதற்கு ஆகாது. மேட்டிலிருந்த மாகுலேட்டஸ் என்ற வேறு வகைக் கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். குனிந்து அள்ளிக் குடிக்கலாம் போலிருக்கும் தண்ணீர், அதன் புல்லோரத்தில் கொசுப்புழு. மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியது அதற்கு வசதியாகப் போய்விட்டது. கடைசியில் ஓடையைக் குழாய் பதித்து மண்ணுக்கடியில் இறக்கினார்கள். முடியாத இடத்தில் எண்ணெய் தெளித்தார்கள்.

இதையெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய், பிள்ளைகளின் இடது விலாவுக்குக் கீழே கை வைத்து மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்; மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் அது வீங்கும். எந்த லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் அதிகம், அந்த லயத்துக்குப் பக்கத்தில் இருப்பது சதுப்பா ஓடையா என்று கணக்கெடுத்தார். தோட்டங்களில் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கங்காணி கூட்டிவந்த நம் சனங்களின் பிள்ளைகள். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லாதது எனக்கு வருத்தமே.

இன்று டிங்கிக்கு நாம் புகையடித்துவிட்டுப் போகிறோம். பறக்கிற கொசுவில் கொஞ்சம் சாகும். பூச்சட்டித் தட்டிலும் பழைய டயரிலும் இருக்கிற புழு அப்படியே இருக்கும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது வீட்டைச் சுற்றித் தேங்கும் அந்தத் தெளிந்த தண்ணீரில்தான். எந்தத் தெருவில், எந்தத் தண்ணீரில் என்று வீடு வீடாகப் பார்க்க ஆள் போடாமல் புகையடிக்கும் வண்டியை மட்டும் அனுப்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். தோளில் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாக எண்ணெய் தெளித்தவர்களைச் சிறுவயதில் பார்த்த பெரியவர்கள் பழைய தோட்டங்களில் இன்னும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பேட்டி எடுத்துத் தொடராக வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கிள்ளான்