செவ்வந்தி மொட்டு விடாததற்குத் தெருவிளக்கும் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வந்தி ஏன் பூக்கவில்லை என்று உங்கள் தோட்டப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். உரம், வெயில், தண்ணீர் எல்லாம் சொல்லியிருந்தீர்கள். சரிதான். ஆனால் ராத்திரி இருட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டவுனில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு முக்கியமே அதுதான்.

நாங்கள் இருப்பது திண்டுக்கல்லில். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாசலும் கொல்லையும்தான் எனக்குப் பொழுதுபோக்கு. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பூ இருக்கும். மல்லி பங்குனியில் தொடங்கி ஆனி வரை கொட்டும். நவம்பர் கடைசி வாரம் முழங்கால் உயரம் விட்டுக் கவாத்து செய்துவிடுவேன். "செடி பட்டுப்போச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா வருஷா வருஷம் கேட்பார். முல்லைக்குக் கவாத்து தையில். கனகாம்பரம் எந்த மாதமும் நாலு பூ தரும், வேரில் மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். குளிர் தட்டியதும் டிசம்பர் பூ தானாக வரும். செவ்வந்தியும் அப்போதுதான் வரவேண்டும்.

எங்கள் காம்பவுண்டை ஒட்டிய கம்பத்தில் இருந்த பழைய விளக்கு பாதி நாள் எரியாது. அதை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டார்கள். அந்த ஆடியில் ஒரே தாய்ச்செடியின் பக்கக் கன்றுகளைப் பிரித்து, பாதியை வாசலிலும் பாதியைக் கொல்லையில் துவைக்கிற கல் அருகிலும் வைத்திருந்தேன். ஒரே மண், ஒரே தொழுவுரம். கார்த்திகை தீபத்துக்குள் கொல்லைத் தொட்டிகளில் பட்டாணி அளவு மொட்டுகள். வாசலில் இலை மட்டும் கருகருவென்று, தண்டு நீண்டுகொண்டே போனது. அதிலும் ஒரு தொட்டி கேட் தூணின் நிழலில் பாதி மறைந்திருந்தது. தூண் பக்கக் கிளைகளில் மட்டும் மொட்டு!

விஷயம் புரிந்தது ஓசூரில், சம்பந்தி வீட்டுக்குப் போனபோது. அங்கே பசுமைக்குடிலில் செவ்வந்தி போடுகிறவர்கள், செடி உயரும் வரை பூ வந்துவிடக் கூடாது என்று ராத்திரியில் பல்பு எரியவிடுகிறார்கள். தண்டு நீளம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். பகல் நீண்ட மாதமாக இருந்தால் சாயங்காலமே கறுப்புத் துணி போட்டு மூடிவிடுகிறார்கள். இருட்டின் நீளத்தைப் பார்த்து மொட்டுக் கட்டும் செடி அது. நம் பக்கம் ஆனிக்கும் மார்கழிக்கும் பகலில் ஒரு மணி நேரச் சொச்சம்தான் வித்தியாசம். அதுவே அதற்குப் போதும். நடுராத்திரியில் வெளிச்சம் பட்டால் கணக்கு கலைந்துவிடும், அப்புறம் பொட்டாஷ் எவ்வளவு போட்டும் பிரயோஜனமில்லை.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிற தெரு. வெளிச்சம் ரோட்டில் விழட்டும், வீட்டுப் பக்கம் ஒரு மறைப்புத் தகடு போட்டால் போதும் என்று மனு கொடுத்திருக்கிறேன். எங்கள் தூக்கத்துக்கும் நல்லது. மற்ற ஊர்களிலும் விளக்கு மாற்றும்போதே இதைச் செய்யலாம்.

அதுவரை, வாசலில் செவ்வந்தி வைத்திருப்பவர்கள் ஆவணியிலேயே தொட்டியைக் கொல்லைக்கு மாற்றிவிடுங்கள். இடமில்லையென்றால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கறுப்புத் துணி போட்டு மூடி, விடிந்ததும் எடுங்கள், மொட்டு நிறம் காட்டும் வரை. வாசலில் காலியாகும் இடத்தில் மல்லி வைக்கலாம். அது பகல் நீண்டு வெயில் ஏறுகிற மாதங்களில் பூப்பது, விளக்கைக் கண்டு மிரளாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியை,
திண்டுக்கல்.