அக்காவின் கடிதங்களைக் காத்துத் தந்தவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரிக்குத் தமிழ் படிக்கப் போன என் அக்கா, 1973 முதல் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இப்போது தொகுப்பாக அச்சேறியுள்ளன. அதற்குத் துணை நின்றவர்களுக்கும், அதற்கு வெகுகாலம் முன்பே அக்காவின் படிப்புக்குத் துணை நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி பக்கத்து லயத்துப் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு. எங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. கடிதம் வந்த அன்று மாலை, கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண்கள் எங்கள் வாசலில் கூடுவார்கள். நான் உரக்க வாசிப்பேன். வாசித்து முடிந்த இன்லேண்டு கடிதங்களை வாங்கித் தம் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தவர் பெரியம்மாதான். அந்த ஈரக் காற்றில் எங்கள் கூரைக்குக் கீழே எந்தக் காகிதமும் தங்காது என்பது அவருக்குத் தெரியும். அவர் மறைந்த பின்னும் பெட்டியைக் கலைக்காமல் வைத்திருந்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுத்த அவர் பிள்ளைகளை மறக்க இயலாது.

அடுத்து, சித்தூரில் அக்காவைத் தங்கள் வீட்டில் ஒரு பெண்ணாக வைத்துக்கொண்ட குடும்பத்தினர். மூணாற்றிலிருந்து சித்தூருக்குப் போக மறையூர் வழியாக மலையிறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றி, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். அவ்வளவு தூரம் பெண்ணைத் தனியே அனுப்பலாமா என்று உறவினர் தடுத்தபோது, “என் மகளோடு மகளாக இருக்கட்டும்” என்று சொல்லியனுப்பியவர் அந்த வீட்டு அம்மா. தொகுப்பில் மிக நீண்ட கடிதம் அவரைப் பற்றியதே. கும்ப (மாசி) மாதத்தில் சித்தூர் பகவதி கோவிலில் நடக்கும் கொங்கன் படை விழாவுக்கு அவர் அக்காவை அழைத்துச் சென்றார். கொங்கு மன்னனின் படையைப் பகவதி முறியடித்த கதையைக் கொண்டாடும் விழா அது. தமிழ்ப் பெண்ணை அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போவானேன் என்று யாரோ கேட்க, “இவள் எங்கள் வீட்டுப் பெண்” என்று அவர் பதில் சொன்னதை அக்கா அப்படியே எழுதியிருக்கிறார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பனைமரங்கள், சோகநாசினி ஆற்றின் படித்துறை என்று அந்தக் கடிதங்களில் நிறைய உண்டு. எனினும், ஒரு மாணவியைப் படிக்க வைத்தது எது என்று கேட்டால் நான் அந்த ஒரு வரியைத்தான் காட்டுவேன்.

படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் முடிந்து, வண்டிப்பெரியாறு பகுதியில் தமிழ் வழிப் பள்ளியொன்றில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அங்கே போவதற்கும் அக்கா போடிமெட்டு இறங்கி, போடி, கம்பம் வழியாகக் குமுளி ஏறிச் சென்றார். ஜூன் மாதத்தில் பள்ளியும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகத் தொடங்கும். சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நனைந்து வரும் பிள்ளைகளைப் பற்றியும், தமிழ்ப் பாடநூல் வந்து சேராத மாதங்களில் இரவெல்லாம் பாடங்களைக் கையால் எழுதிப் படியெடுத்ததைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மதிய உப்புமாவை வீட்டிலிருக்கும் தம்பிக்கென்று இலையில் மடித்து வைத்த சிறுமியைப் பற்றிய கடிதத்தை வாசித்தபோது எங்கள் வாசலில் யாரும் பேசவில்லை. மலையாளத்தில் வரும் சுற்றறிக்கைகளை மாலைதோறும் உடனிருந்து படிக்கக் கற்றுக்கொடுத்த சக ஆசிரியை ஒருவர் இல்லையேல் முதல் ஆண்டே ஊர் திரும்பியிருப்பேன் என்று அக்கா இன்றும் சொல்வார். அந்த டீச்சருக்கு எங்கள் வணக்கம்.

கடிதங்களைக் கணினியில் ஏற்றிய இளைஞர்கள் பட்ட பாடு சிறிதன்று. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய கையெழுத்து அது. யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்த பழைய லை, னை, ளை ஆகியவற்றை அவர்கள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் படித்துச் சொன்ன ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும், இடையிடையே வரும் மலையாள வாக்கியங்களைப் பெயர்த்துத் தந்த நண்பருக்கும், அச்சகத்தாருக்கும் நன்றி. தன் கடிதங்களை வெளியிட வெகுநாள் தயங்கி, தனக்கு உதவியவர்களைப் பற்றிய பகுதிகள் எதையும் நீக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன் இசைந்த அக்காவுக்கும் இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சித்தூர் அம்மா இப்போது இல்லை. அவருடைய பேத்தி, குடும்பத்தாருக்கான படிகளைப் பெற்றுக்கொள்ள வரும் ஓண விடுமுறையில் மூணாறு வருவதாக எழுதியிருக்கிறார். அவர் என் அக்காவின் வீட்டில்தான் தங்குவார்.

நன்றியுடன்,
தம்பி,
மூணாறு