வென்டிலேட்டர் நிமோனியாவும் கோப்பில் எழுதப்படாத காரணங்களும்: ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பொறுப்பு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

பல ஆண்டுகள் ஐ.சி.யூ.வில் இரவுப் பணி பார்த்த செவிலியராக இதை எழுதுகிறேன். வென்டிலேட்டர் பொருத்தி 48 மணி நேரம் கடந்தபின் ஒருவருக்கு நிமோனியா வந்தால், வயதானவர், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர், நினைவிழந்தவர் என்று கோப்பில் எழுதி முடித்துவிடுகிறோம். அவை உண்மையான ஆபத்துக் காரணிகளே. ஆனால் நம்மால் மாற்றக்கூடிய காரணிகளைப் பற்றி அதே கோப்பில் ஒரு வரிகூட இருப்பதில்லை என்பதே என் முறையீடு.

வாயிலும் தொண்டையிலும் ஊறும் எச்சில், கிருமிகளோடு சேர்ந்து, மூச்சுக்குழாய்க்குள் செருகிய டியூபைச் சுற்றிக் காற்றால் உப்பியிருக்கும் வளையமான கஃபுக்கு மேலே தேங்கி நின்று, கஃப் சற்றுத் தளர்ந்தாலும் நுரையீரலுக்குள் கசிகிறது. கஃபின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் இருக்க வேண்டும். எங்கள் பிரிவில் அழுத்தமானி பழுதானபின், கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அமுக்கிப் பார்த்தே மாதக்கணக்கில் ஓட்டினோம். எனக்கு இறுக்கமாகத் தோன்றியது அடுத்த ஷிப்டில் வருபவருக்குத் தளர்வாகத் தோன்றும்.

அடுத்தது கட்டில். 1999இல் வெளியான பார்சிலோனா ஆய்வில், தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்திச் சாய்வில் வைக்கப்பட்ட 39 பேரில் 3 பேருக்கும், மல்லாந்து கிடந்த 47 பேரில் 16 பேருக்கும் நிமோனியா இருப்பதாக ஐயுறப்பட்டது. பின்னர் நெதர்லாந்தில் அதே 45 டிகிரியை இலக்காக வைத்தபோது, பெரும்பாலான நேரம் அதை எட்டவே முடியவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. எக்ஸ்ரேக்காகவும் உடல் துடைக்கவும் தாழ்த்திய கட்டிலை மறுபடி உயர்த்த, நான்கு நோயாளிகளை ஒருவராகப் பார்க்கும் செவிலியருக்கு உடனே கை ஒழிவதில்லை. கை கழுவுவதும் அந்த அவசரத்தில்தான் தவறிப்போகிறது. ஐ.சி.யூ.வில் நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்.

மயக்க மருந்தைத் தேவைக்கு மேல் தொடர்வதும், அவசரப்பட்டு எடுத்த டியூபை மறுபடி போட நேர்வதும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வாய்ச் சுத்தத்துக்குக் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினையே நம்பியிருப்பவர்கள், 2022இல் வெளியான அமெரிக்கப் பரிந்துரை அதைக் கைவிட்டுப் பல் துலக்கியைச் சொல்வதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஆகவே, பிரிவுக்கு ஓர் அழுத்தமானியை இந்த மாதமே வாங்கித் தாருங்கள். கஃபின் அழுத்தத்துக்கும் கட்டிலின் கோணத்துக்கும் மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்த நேரத்துக்கும் சார்ட்டில் தனித்தனிக் கட்டம் போடுங்கள். இரவுப் பணிக்கு எத்தனை பேரை அமர்த்துகிறீர்கள் என்பதையும் அதே தாளில் குறித்துக் கையொப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஐ.சி.யூ. செவிலியர்